நடன இசைக்கான புகழரங்கத்தில் பாடகர்கள் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிஸ்கோ மற்றும் நடன இசையின் முன்னோடிகளுக்குத் தனியாக ஒரு ஹால் ஆஃப் ஃபேம், அதாவது புகழரங்கம், அமைக்கப்பட வேண்டும் என்று வலியுறுத்தித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை மிகுந்த மகிழ்ச்சியோடு படித்தேன். பல ஆண்டுகளாகப் பழைய இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்த்து வருபவன் என்ற முறையில் அந்தக் கோரிக்கையோடு எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆனால் கட்டுரையில் சொல்லப்பட்ட பெயர்கள் அத்தனையும் பாடகர்களின் பெயர்களாகவும் பாட்டுக் குழுக்களின் பெயர்களாகவுமே இருந்தது எனக்குப் பெருங்குறையாகப் பட்டது. டானா சம்மரும் குளோரியா கேனரும் பீ ஜீஸும் இல்லாத புகழரங்கம் புகழரங்கமே அல்ல என்பதில் ஐயமில்லை. எனினும், நடன இசை என்பது மேடையில் நின்று பாடியவர்களால் மட்டும் உருவானதன்று. நடனக்கூடங்களில் இசைத்தட்டுகளைச் சுழற்றிய டிஜேக்களும், பதிவான பாட்டை ஆடுவதற்கேற்ப நீட்டியும் மாற்றியும் ரீமிக்ஸ் செய்தவர்களும், ஒலிப்பதிவுக் கூடத்தில் தாளம் போட்டவர்களும், ஒலியைத் தட்டில் வரிகளாக வெட்டிப் பதித்த பொறியாளர்களும் சேர்ந்து வளர்த்த கலை அது. அவர்களை விட்டுவிட்டு அரங்கம் எழுப்புவது, நாதசுரக் கச்சேரியைப் புகழ்ந்துவிட்டுத் தவில்காரரின் பெயரைச் சொல்லாமல் விடுவதற்கு ஒப்பாகும்.

இப்படி ஒரு முயற்சி ஏற்கெனவே நடந்திருக்கிறது என்பதைக் கட்டுரை குறிப்பிடவில்லை. அமெரிக்காவில் 2003இல் டான்ஸ் மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. 2004 செப்டம்பரில் நியூயார்க்கில் நடந்த அதன் முதல் விழாவில் டானா சம்மர், பேரி ஒயிட், பீ ஜீஸ் ஆகியோரோடு, ரீமிக்ஸ் கலைஞர் என்ற பிரிவில் டாம் மௌல்டனும் டிஜே என்ற பிரிவில் லாரி லெவனும் சேர்க்கப்பட்டனர். அடுத்த ஆண்டு குளோரியா கேனர், சில்வெஸ்டர், ஷீக் குழுவினர் ஆகியோரோடு சிகாகோவின் டிஜே ஃபிராங்கி நக்கிள்ஸும் இடம்பெற்றார். பாடகருக்கு ஓர் இருக்கை, டிஜேவுக்கு ஓர் இருக்கை, ரீமிக்ஸ் செய்தவருக்கு ஓர் இருக்கை என்று வகுத்த அந்த அமைப்புக்கு நடன இசையின் இயல்பு சரியாகவே புரிந்திருந்தது. இரண்டே விழாக்களுடன் அது நின்றுபோனது இந்தத் துறைக்கே நேர்ந்த இழப்பு என்பேன். புதிதாக ஒன்றை அமைப்பவர்கள் அந்தப் பகுப்பை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

டாம் மௌல்டன் செய்தது என்ன என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். 1970களின் தொடக்கத்தில் நியூயார்க்கை அடுத்த ஃபயர் தீவின் நடனக்கூடங்களில் மூன்று நிமிடத்திற்கொரு முறை பாட்டு முடிவதும், ஆடிக்கொண்டிருந்தவர்கள் தளத்தை விட்டு இறங்கிப்போவதும் அவர் கண்ணில் பட்டன. பாட்டுக்குப் பாட்டு இடைவெளியில்லாமல் ஓடும் ஒலிநாடா ஒன்றைத் தானே வெட்டி ஒட்டித் தயாரித்தார். பிறகு குளோரியா கேனரின் முதல் இசைத்தொகுப்பில் ஒரு பக்கம் முழுவதையும் இடையறாமல் ஓடும் ஒரே நடனமாக ஆக்கினார். இன்னொரு நாள், புதிய பாட்டொன்றுக்கு மாதிரித் தட்டு வெட்டச் சென்ற இடத்தில், ஒற்றைப் பாட்டுக்கு வழக்கமான 7 அங்குல வெற்றுத் தட்டு தீர்ந்துபோயிருந்ததால், ஹோசே ரோட்ரிகஸ் என்ற பொறியாளர் 10 அங்குலத் தட்டில் வெட்டிக் கொடுத்தார். பெரிய தட்டின் ஓரத்தில் மட்டும் பாட்டு ஒட்டிக்கொண்டிருப்பது பார்க்க நன்றாக இல்லை என்று மௌல்டன் சொல்லவே, வரிகளைப் பரப்பி, ஒலியளவையும் கூட்டி மீண்டும் வெட்டினார்கள். கேட்டபோது, கீழ்ச்சுர ஒலி அதற்குமுன் எந்தச் சிறு தட்டிலும் இல்லாத அளவுக்கு எழுந்து வந்தது. இன்னும் பெரிய 12 அங்குல ஒற்றைப் பாட்டுத் தட்டு பிறக்க வழிவகுத்த கதை இதுதான். 1976இல் சால்சோல் நிறுவனம் டபுள் எக்ஸ்போஷர் குழுவின் பாட்டை வால்டர் கிப்பன்ஸின் ரீமிக்ஸில் வெளியிட்டபோது, அத்தகைய தட்டு முதன்முறையாகக் கடைக்கு விற்பனைக்கு வந்தது.

இதன் அருமை அந்தத் தட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு எளிதில் விளங்கும். அக்காலத்து 7 அங்குலத் தட்டொன்றையும் 12 அங்குலத் தட்டொன்றையும் விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், முதலாவதில் வரிகள் ஒன்றையொன்று நெருக்கி இழை பிரியாமல் ஒரே கறுப்பாகத் தெரியும். இரண்டாவதில் பேஸ் டிரம் விழும் இடங்களில் வரிகள் நெளிந்து அகன்று செல்வதையும், பாட்டின் நடுவே தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் பகுதி வேறு நிறப் பட்டையாக விழுந்திருப்பதையும் வெறுங்கண்ணாலேயே காணலாம். அந்தப் பட்டையைப் பார்த்துத்தான் டிஜேக்கள் இருட்டிலும் ஊசியை வைக்க வேண்டிய இடத்தைக் கண்டார்கள். இன்று உலகெங்கும் ரீமிக்ஸ் என்று வழங்கும் அத்தனைக்கும் அடிப்படை இந்தத் தட்டில் இருக்கிறது. இதைச் செய்த மனிதரின் பெயர் இசை ஆர்வலர்களுக்குக்கூடத் தெரியாமல் இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

தாளத்தின் கதையும் இத்தகையதே. பிலடெல்பியாவின் சிக்மா சவுண்ட் ஸ்டுடியோவில் டிரம்ஸ் வாசித்த எர்ல் யங், 1973இல் ஹெரால்ட் மெல்வினும் புளூ நோட்ஸ் குழுவும் பாடிய ஒரு பாட்டுக்காக, ஒவ்வோர் அடிக்கும் பேஸ் டிரம்மை மிதித்து, இரண்டு அடிகளுக்கு நடுவே ஹை-ஹேட் என்ற இணை உலோகத் தாளங்களைத் திறந்து மூடினார். டிஸ்கோ என்றதும் நம் கால் தானாகத் தட்டத் தொடங்குகிறதே, அந்த நடை அவர் கால்களிலிருந்து வந்தது. நான்காண்டுகள் கழித்து மியூனிக்கில் இசைத் தயாரிப்பாளர்கள் ஜார்ஜியோ மோரோடரும் பீட் பெலோட்டும் டானா சம்மருக்காக ‘ஐ ஃபீல் லவ்’ பாட்டை ஏறக்குறைய முழுவதும் மூக் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியிலேயே உருவாக்கினார்கள். அந்தப் பெரிய கருவியின் ஒலித்தடங்கள் ஒன்றோடொன்று பிசகாமல் சேர்ந்து ஓடும் வழியைக் காட்டிக் கொடுத்தவர் ராபி வேடல் என்ற உதவியாளர். பேஸ் டிரம்மை மட்டும் கீத் ஃபோர்சி என்ற கலைஞர் நேரடியாக வாசித்தார். 1977இல் வெளிவந்த அந்தப் பாட்டை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பேரேட்டில் சேர்த்துப் பாதுகாக்கிறது. வேடலின் பெயரைப் புகழரங்கத்தின் சுவரில் எங்கேனும் ஓரிடத்தில் பொறிக்கத்தான் வேண்டும்.

நியூயார்க்கில் 1970ஆம் ஆண்டு காதலர் தினத்தன்று டேவிட் மன்குசோ தம் வீட்டிலேயே தொடங்கிய ‘லாஃப்ட்’ விருந்துகள், கிங் தெருவில் லாரி லெவன் 1987 வரை நடத்திய ‘பாரடைஸ் கராஜ்’ இரவுகள், சிகாகோவின் ‘வேர்ஹவுஸ்’ கூடத்தில் ஃபிராங்கி நக்கிள்ஸ் 1977 முதல் வளர்த்த, டிஸ்கோவிலிருந்து கிளைத்த ஹவுஸ் இசை ஆகியவற்றைப் பற்றித் தனித்தனியே எழுத இந்தக் கடிதத்தில் இடமில்லை. ‘வேர்ஹவுஸ்’ இருந்த கட்டடத்தைச் சிகாகோ நகரம் 2023இல் பாதுகாக்கப்பட்ட நினைவிடமாக அறிவித்திருப்பது மனத்துக்கு ஆறுதலான செய்தி. ‘பாரடைஸ் கராஜ்’ கட்டடமோ 2018இல் இடிக்கப்பட்டுவிட்டது.

ஏற்கெனவே கிளீவ்லாந்தில் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் இருக்கிறதே, தனியாக இன்னொன்று எதற்கு என்று சிலர் கேட்கலாம். அதற்கு அந்த அமைப்பின் வரலாறே விடை சொல்கிறது. டானா சம்மர் 2012 மே மாதம் காலமானார். அவரைச் சேர்த்துக்கொண்டது 2013இல். ஷீக் குழு 11 முறை பரிந்துரைக்கப்பட்டும் ஒரு முறைகூடத் தேர்வு பெறவில்லை. 2017இல் அக்குழுவின் கிட்டார் கலைஞர் நைல் ராட்ஜர்ஸுக்கு மட்டும் தனியாக ஒரு விருதைக் கொடுத்தார்கள். அவரோடு தோளோடு தோள் நின்று அந்த இசையைப் படைத்த பேஸ் கிட்டார் கலைஞர் பெர்னார்ட் எட்வர்ட்ஸ் 1996இலேயே இறந்துபோயிருந்தார். கிட்டாரை முன்னிறுத்தும் குழுக்களை அளக்க உண்டாக்கிய அளவுகோலால் நடன இசையை அளந்தால் இந்த ஓரவஞ்சனை தொடரவே செய்யும்.

பாடகர்களுக்கே அநீதி நேர்ந்த இடமும் இந்தத் துறையில் உண்டு. டிஸ்கோ பாடகி லோலியாட்டா ஹாலோவே 1980இல் பாடிய பாட்டிலிருந்து அவர் குரலை எடுத்து, இத்தாலியின் பிளாக் பாக்ஸ் குழு 1989இல் வெளியிட்ட பாட்டு பிரிட்டனில் 6 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. திரையில் அந்தக் குரலுக்கு வாயசைத்தவர் மெலிந்த உடலுடைய வேறொரு பெண். அதே குழுவின் மற்றப் பாட்டுகளுக்கும், பின்னர் சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரியின் புகழ்பெற்ற பாட்டுக்கும் குரல் கொடுத்த மார்த்தா வாஷுக்கும் இதுவே நேர்ந்தது. சில்வெஸ்டரின் பின்னணிப் பாடகியாகப் புகழ்பெற்ற அவர், குரல் தம்முடையதாக இருக்க முகம் இன்னொருவருடையதாகக் காட்டப்பட்டதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். வழக்கு சமரசத்தில் முடிந்து, குரல் அவருடையது என்று குறிப்பிடும் நிலை வந்தது. புகழரங்கம் ஒன்று அமையுமானால், அதன் முதல் ஆண்டுப் பட்டியலிலேயே இந்த இரு பெண்களின் பெயர்களும் இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

டிஸ்கோவுக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கொமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், வானொலி அறிவிப்பாளர் ஸ்டீவ் டால் முன்னின்று நடத்த, டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஒரு தட்டைக் கொண்டுவந்தால் 98 சென்ட்டுக்கு நுழைவுச்சீட்டு. ஏறத்தாழ 50,000 பேர் திரண்டனர். வெடித்தபின் கூட்டம் ஆடுகளத்துக்குள் புகுந்துவிட்டதால், அன்று நடக்கவிருந்த இரு பேஸ்பால் ஆட்டங்களில் இரண்டாவது நடக்காமலே போனது. அங்கே இருக்கை காட்டும் பணியில் இருந்த வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர், கொண்டுவரப்பட்ட தட்டுகளில் பல டிஸ்கோவே அல்ல, கறுப்பினக் கலைஞர்கள் பாடிய மற்றப் பாட்டுகள் என்பதைக் கண்டதாகப் பின்னாளில் சொன்னார். கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் தன்பால் ஈர்ப்பாளர்களும் அச்சமின்றி ஒன்றுகூடிய இடங்களில் பிறந்த இசை இது என்பதை எண்ணிப் பார்த்தால், அன்று எரிந்தது எது என்பது புரியும். அதே லாரன்ஸ் ஐந்தே ஆண்டுகளில் சிகாகோ ஹவுஸ் இசையின் முதல் தட்டுகளில் ஒன்றை உருவாக்குவதில் பங்கேற்றார். அந்தத் தகர்ப்பின் 40ஆம் ஆண்டை 2019இல் அந்த மைதானத்தில் ஆடிவந்த ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் குழு டி-ஷர்ட் வழங்கி நினைவுகூர்ந்தது. தகர்த்ததற்கு நினைவுச்சட்டை இருக்கிறது. படைத்தவர்களுக்கு ஓர் அரங்கம் இல்லை.

கட்டுரை அமெரிக்கரோடும் ஐரோப்பியரோடும் நின்றுவிட்டதால் இன்னும் இருவரைச் சேர்த்துச் சொல்கிறேன். பெங்களூரில் பிறந்து 1960களில் இங்கிலாந்து சென்ற பிட்டு, கார்ல் டக்ளஸைப் பாட வைத்துத் தயாரித்த ‘குங் ஃபூ ஃபைட்டிங்’ 1974இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பெற்றது. தட்டின் பின்பக்கத்துக்கென்று, ஸ்டுடியோ நேரம் தீரும் தறுவாயில் அவசரமாகப் பதிவான பாட்டு அது. பின்னர் அவரே பாகிஸ்தான் பாடகி நாசியா ஹசனின் குரலில் டிஸ்கோவை இந்திய வீடுகளுக்குள் கொண்டுவந்தார். மற்றொருவர் மும்பைத் திரையிசைக் குழுக்களில் வாசித்த சரண்ஜித் சிங். ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303 பேஸ் சிந்தசைசர், டிஆர்-808 மின்னணுத் தாளக் கருவி ஆகியவற்றைக் கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அவர் வாசித்த தட்டு 1982இல் வெளிவந்தது. அதே டிபி-303ஐ வைத்துச் சிகாகோ இளைஞர்கள் ஆசிட் ஹவுஸ் என்ற பாணியை உலகறியச் செய்தது 1987இல்தான். 2010இல் மறுபதிப்பு கண்ட பிறகே உலகம் சிங்கைத் திரும்பிப் பார்த்தது. எழுபது வயதைக் கடந்து வெளிநாட்டு மேடைகளில் அந்த ராகங்களை வாசித்துவிட்டு 2015இல் அவர் மறைந்தார்.

அரங்கம் எப்படி அமைய வேண்டும் என்பதிலும் எனக்குச் சில கருத்துகள் உண்டு. ஆண்டுக்கொரு விருந்தும் கேடயமும் மட்டும் போதாது. டிஜேக்களின் ஒலிநாடாக்கள், வெட்டிய மாதிரித் தட்டுகள், ஸ்டுடியோக் குறிப்பேடுகள் ஆகியவற்றைப் பாதுகாக்கும் ஆவணக் காப்பகம் அதன் நடுநாயகமாக இருக்க வேண்டும். அங்கே வருபவர்கள் நல்ல ஒலிபெருக்கிகளில் 12 அங்குலத் தட்டைக் கேட்கவும் ஆடவும் இடம் வேண்டும். தேர்வுக் குழுவில் இசை நிறுவனத்தாரைவிட, தட்டைக் கையால் சுழற்றிய டிஜேக்களும் ஒலிப்பதிவுப் பொறியாளர்களும் மிகுதியாக இருக்க வேண்டும். இவை அனைத்தும் விரைந்து நடக்க வேண்டும் என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். எய்ட்ஸ் நோய் 1980களில் இந்தத் தலைமுறையின் நடுவில் புகுந்து, சில்வெஸ்டர் உட்படப் பலரை இளவயதிலேயே கொண்டுபோனது. லாரி லெவன் 38 வயதில் 1992இல் மறைந்தார். ஹாலோவே 2011இலும் நக்கிள்ஸ் 2014இலும் மன்குசோ 2016இலும் காலமாகிவிட்டனர். மோரோடரும் மௌல்டனும் எர்ல் யங்கும் 1940இல் பிறந்தவர்கள். அவர்கள் தலைமுறையின் நினைவுகளை அவரவர் வாய்மொழியாகவே பதிவு செய்யும் வேலையைக் கட்டடம் எழும்வரை தள்ளிப்போட முடியாது.

அந்த ஞாயிறு இணைப்புக் கட்டுரையின் தொடர்ச்சியைத் தாங்கள் வெளியிடுவதாக இருந்தால், அதில் டாம் மௌல்டன், எர்ல் யங், மார்த்தா வாஷ், லோலியாட்டா ஹாலோவே, சரண்ஜித் சிங் ஆகியோரைப் பற்றித் தனித்தனிப் பகுதிகள் இடம்பெறச் செய்யுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
மயிலாப்பூர், சென்னை.