மைனரா, கொரோலாவா?

வெள்ளவத்தை,
கொழும்பு 06

அன்பின் மச்சான்,

கடிதம் கிடைத்தது. முழங்கால் நோ குறைந்தது கேட்டுச் சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். மகளுக்கு மட்டக்களப்புக்கு இடமாற்றம் வந்ததால் வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

கொழும்பிலேயே வந்து இருக்கப்போகிறாய் என்பதை இரண்டு தரம் வாசித்தேன். எவ்வளவு நல்ல முடிவு! காருக்கு வருவோம். எந்தப் பழைய காரை வாங்குவது, மொறிஸ் மைனரா, ரொயோட்டாவின் கேஈ 70 கொரோலாவா என்று கேட்டிருந்தாய். இரண்டையும் வைத்திருந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

மைனர் 1948இல் வந்தது. அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் அப்போதே அதற்கு, பற்சில்லு பற்சட்டத்தை நேராகத் தள்ளும் ராக் அன்ட் பினியன் ஸ்ரியறிங் போட்டுவிட்டார். கடுகண்ணாவை மலை வளைவுகளில் அது திரும்புகிற அழகுக்கு இன்றைக்கும் மனம் இளகும். கேஈ 70 வந்தது 1979இல். ஆனாலும் பொனற்றைத் திறந்தால் இரண்டும் ஒரே சாதிதான்: பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேற்றர், வால்வைத் திறக்கும் புஷ்ரொட் கம்பி, பின்சில்லு இழுவை. 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்து யப்பான் கார்கள் குவிந்தபோது, மைனரில் பழகிய கைகள் கொரோலாவைத் தயங்காமல் கழற்றிப் பூட்டியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் மைனருக்கு இருக்கும் மரியாதை வேறு. தொண்ணூறுகளில் பெற்றோல் தடைப்பட்டபோது, யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரினும் மொறிசும் துளி பெற்றோலில் ஸ்ரார்ட் ஆகி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடியதை நீயே கண்டவன். அந்த எஞ்சின்கள் எரிபொருள் கலவையை அமுக்கும் விகிதம் குறைவு, அதனால் மண்ணெண்ணெயைத் தாங்கின. எத்தனை நோயாளிகளை ஆஸ்பத்திரி சேர்த்த கார்கள் அவை!

வித்தியாசம் பிறேக்கில்தான். மைனருக்கு நான்கு சில்லிலும் டிரம், அதாவது உருளைக்குள் பூட்டிய பிறேக். பிறேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்ரர் சிலிண்டரோ சாரதியின் காலடித் தளத்துக்குக் கீழே. எண்ணெய் விட விரிப்பைத் தூக்க வேண்டும். முழுவதற்கும் ஒரே குழாய்த்தொடர் என்பதால், ஓரிடத்தில் ஒழுகினால் கைபிறேக் ஒன்றே கதி. மழைத் தண்ணீர் டிரம்முக்குள் போனால் மிதித்தும் உடனே பிடிக்காது. காலி வீதியில் பஸ்காரர் நினைத்த இடத்தில் நிற்பாட்டுவதும், திறீவீலர் குறுக்கே பாய்வதும் உனக்குத் தெரியாததா? கொரோலாவுக்கு முன்னால் டிஸ்க், அதாவது திறந்த தட்டைப் பிடிக்கும் பிறேக்; அதில் தண்ணீர் தங்காது. 1290 சிசி எஞ்சின், 1098 சிசி மைனரை விட மேட்டில் நன்றாக இழுக்கும்.

மைனருக்கு முன்சில்லைத் தாங்கும் ட்ரனியனில் ஒழுங்காகக் கிறீஸ் அடிக்க வேண்டும். மறந்தால் தேய்ந்து, ஒருநாள் சில்லே மடங்கிவிடும். இந்த வயதில் யார் காருக்குக் கீழே படுப்பது?

ஆகவே கொரோலாவையே எடு. மைனரை விரும்பினால் யாழ்ப்பாணத்து வீட்டில் வைத்திரு, அங்கே அதற்கு இடமும் வேகமும் பொருந்தும்.

2020 முதல் 2025 வரை கார் இறக்குமதி நின்றிருந்தபோது பழைய கார்களின் விலையும் ஏறியது, அவசரப்படாதே. கொழும்பு பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் தேடலாம், உக்கிய உடம்பைத் திருத்துவதுதான் செலவு. கடற்காற்றில் கதவடியும் சில்லு வளைவும் முதலில் போகும், அதை ‘பட்டி’ என்ற அடைப்புப் பசை பூசி மறைத்திருப்பார்கள். வரும்போது ஒரு சின்னக் காந்தம் கொண்டு வா, ஒட்டாத இடமெல்லாம் தகரம் இல்லாத இடம். பார்க்கப் போகும்போது நானும் வருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்