பாலை பழுக்க முன் ஒரு பலகை: சிரிக்கும் கரடிக்குட்டி பற்றித் திறந்த மடல்

வன்னிக் காட்டு விலங்குகளுக்கும் காட்டோரச் சனங்களுக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

ஐயா, அம்மணி, வணக்கம்.

பாடசாலைச் சுவர்களில் அண்மையில் ஒட்டப்பட்ட உங்கள் சுவரொட்டியைப் பார்த்தோம். நல்ல தடித்த தாள், நல்ல நிறம். நடுவில் ஒரு கரடிக்குட்டி பின்னங்காலில் நின்று இரண்டு கையையும் விரித்துச் சிரிக்கிறது. கழுத்தில் சிவப்புப் பட்டி வேறு. 'வன விலங்குகள் எமது நன்பர்கள்' என்று கீழே அச்சடித்திருக்கிறீர்கள். எழுத்துப் பிழையை விடுவோம், அது எங்களுக்குப் பழகிவிட்டது.

விட முடியாதது படம். கரடி அப்படி எழுந்து நிற்பது மணம் பிடிப்பதற்கு, அல்லது அடிப்பதற்கு. அந்தக் கோலத்தைக் கிட்ட நின்று கண்டவர்களில் சிலருக்கு, இரண்டு கண்ணாலும் கண்ட கடைசிக் காட்சி அதுதான்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். இந்த முறை காட்டுப் பாலை மரங்கள் பழுக்க முன்னர், காட்டுக்குள் இறங்கும் ஒவ்வொரு கிறவல் பாதையின் தொடக்கத்திலும் கரடி பற்றிய சரியான எச்சரிக்கைப் பலகை தமிழில் வேண்டும். சிரிக்கும் குட்டி வேண்டாம்.

பாலை எப்போது பழுக்கும் என்று உங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. வைகாசி பிற்கூறில் தொடங்கி ஆடி வரை நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், மாங்குளம், மல்லாவி, மடு என்று எல்லாப் பக்கமும் சனம் வாளியும் படங்கும் கொண்டு காட்டுக்குள் இறங்கும். ஏ9 வீதியோரத்தில் பைகளில் கட்டித் தொங்கும் பழம் அப்படி வருவதுதான். மானாவாரி வயலில் அந்த மாதங்களில் வேலை இல்லை. கைக்காசு என்றால் பாலைப்பழம், தேன், விறகு. கரடிக்கும் அந்த மாதங்களில் அதே பழம்தான் சாப்பாடு. மரத்தில் ஏறிக் கொப்பை முறித்துத் தின்னும், கீழே உதிர்ந்ததையும் பொறுக்கும். வெயில் ஏற முன் போனால்தான் நல்ல பழம் என்று ஆட்கள் விடியவே வெளிக்கிடுவார்கள். இரவு முழுக்க மேய்ந்த கரடி இன்னும் படுக்கப் போகாத நேரம் அது. ஒரே மரத்தடி, ஒரே நேரம், இரண்டு தரப்பும் குனிந்தபடி.

ஏன் அடிக்கிறது என்பதையும் பலகையில் போட வேண்டும், காரணம் தெரியாத எச்சரிக்கையை எங்கள் பெடியள் கணக்கெடுக்க மாட்டார்கள். கரடிக்குப் பார்வை மட்டு. காதும் பெரிய கூர்மையில்லை. மூக்குத்தான் எல்லாம். மேல்வரிசை நடுப்பற்கள் இரண்டும் அதற்கு இல்லை. அந்த இடைவெளியால்தான் மூக்குத் துவாரத்தை மூடிக்கொண்டு புற்றிலிருந்து கறையானை உறிஞ்சும். அந்த உறிஞ்சல் நூறு மீற்றருக்கு அப்பாலும் எங்களுக்குக் கேட்கும், ஆனால் அந்தச் சத்தத்துக்குள் எங்கள் காலடி அதற்குக் கேளாது. காற்று அதன் பக்கமிருந்து எங்கள் பக்கம் அடித்தால் மணமும் போகாது. பத்தடிக்குள் போன பிறகு திடுக்கிட்டு நிமிரும்.

திடுக்கிட்ட சிறுத்தை பெரும்பாலும் விலகிப் போகும். கரடி விலகாது. பெரிய பூனை இனங்களோடு காட்டைப் பங்கிட்டு வந்த விலங்கு, ஓடித் தப்புவதை விட முந்தி அடிப்பதையே தற்காப்பாக வைத்திருக்கிறது. தின்ன வருவதில்லை, கொல்ல வேண்டும் என்றும் வருவதில்லை. பயத்தில் அடிக்கிறது, முகத்திலும் தலையிலும் அடிக்கிறது. முன்னங்கால் நகம் 6 முதல் 8 சென்ரிமீற்றர். சீமெந்து போல இறுகிய புற்றைப் பிளப்பதற்கு வளர்ந்த நகம், பூனையைப் போல உள்ளே இழுத்துக்கொள்ளவும் முடியாது. அது முகத்தில் பட்டால் கீறாது, உரிக்கும்.

குட்டி அழகுதான், நாங்கள் மறுக்கவில்லை. உருண்டைத் தலையும் சடைமயிருமாகத் தாயின் முதுகைப் பற்றிக்கொண்டு சவாரி போவதைக் கண்டால் யாருக்கும் கை நீளும், இந்தக் காலத்தில் கைபேசியும் சேர்ந்து நீளும். ஆனால் ஒன்பது மாதம் வரை அந்த முதுகு, அதன் பிறகும் இரண்டு வயது வரை தாயின் பக்கம். காட்டில் 'தனியாக நிற்கும் கரடிக்குட்டி' என்று ஒன்று இல்லை. தாய் பற்றைக்குள் நிற்கிறது, நீங்கள் இன்னும் காணவில்லை, அவ்வளவுதான். இந்த ஒரு வரியைச் சிவப்புப் பட்டிக்குப் பதிலாகப் போட்டிருக்கலாம்.

அடிபட்ட ஆளின் நிலை உங்கள் கோப்புகளில் 'காயம்' என்ற ஒரு சொல்லில் முடிந்துவிடும். அது எப்படிப் போகிறது என்று ஒருமுறை சொல்ல அனுமதியுங்கள். நாலைந்து கிலோமீற்றர் உள்ளே, கைபேசிக்குச் சிக்னல் இல்லாத இடம். தொங்கும் கன்னத்தோலைச் சாரத்தால் சுற்றிக் கட்டி, ஒருவர் தாங்கி, ஒருவர் பாதைக்கு ஓடி, லாண்ட்மாஸ்டர் பெட்டியில் ஏற்றி றோட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் 1990 அம்புலன்ஸுக்கு அழைக்க முடியும். கிட்டவுள்ள ஆஸ்பத்திரியில் இரத்தத்தை நிறுத்தி, சேலைன் ஏற்றி, துண்டு எழுதிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து முகச் சத்திரசிகிச்சைக்கு இன்னோர் ஊர். மருந்துக்குக் காசு வாங்குவதில்லை, உண்மை. பஸ்ஸுக்கும், கூட நிற்கிற ஆளின் நாட்கூலிக்கும் யார் கொடுப்பது?

தையல் வெட்டின பிறகுதான் மிச்சம். கன்னத்தின் எச்சில் குழாய் அறுந்திருந்தால், சாப்பிட உட்காரும் ஒவ்வொரு முறையும் உமிழ்நீர் கன்னத்தால் வடியும். தாடை சரியாகப் பொருந்தாவிட்டால் சோறு சவைக்க முடியாது, கஞ்சியும் வாயோரத்தால் ஒழுகும். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது, ஆகவே கோடாலி வேலை இல்லை, மரமேறுவது இல்லை, இரவில் சைக்கிள் இல்லை. ஆள் தோளில் கிடந்த துவாயை முகத்துக்குக் கொண்டுபோவார். கோயிலிலும் துவாய், பிள்ளையின் பள்ளிக்கூடத்திலும் துவாய். அடையாள அட்டையைப் புதுப்பிக்கப் போனால் முகம் முழுதும் தெரிய வேண்டும் என்பது விதி. படம் பிடிக்கிற பெடியன், பாவம், அவனுக்குத் தெரியாது, "துவாயை எடுங்கோ ஐயா" என்பான்.

இழப்பீடு கேட்டுப் போனால் சம்பவத்தை நேரில் கண்டவர் யார் என்று கேட்கிறார்கள். கரடியும் ஆளும்தான் நின்றார்கள். இரண்டாவது கேள்வி, அனுமதியில்லாமல் காட்டுக்குள் ஏன் போனீர்கள். இதற்குப் பதில் எழுதப் படிவத்தில் அரை வரி இடம் இருக்கிறது. வயல், கடன், பாலைப்பழம், மூன்றும் அதற்குள் கொள்ளாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வன்னிக்கு எச்சரிக்கைப் பலகை புதிதல்ல. மிதிவெடி இருந்த காணிகளில் சிவப்புப் பலகையும் மண்டையோடும் நின்றன. நாலாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்: தொடாதே, கிட்டப் போகாதே, பெரியவருக்குச் சொல். மிதிவெடிக்குச் சிரித்த முகம் வரைந்து யாரும் பலகை நடவில்லை. அந்தக் கல்வியை அந்தளவு துப்புரவாகச் செய்ய முடிந்த இதே மண்ணில் கரடிக்கு மட்டும் ஏன் கேலிச்சித்திரம்? எங்கள் பழைய காணிக்குள் காட்டு எல்லைக்கல் நடுவதற்கு, பற்றை எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும் உங்களுக்கு வழி தெரிகிறது. ஒரு கல்லும் தவறான இடத்தில் நின்றதில்லை, எல்லாம் சரியாக எங்கள் வயலுக்குள்தான் நிற்கின்றன. அதே வாகனத்தில் நாலு பலகையையும் ஏற்றி வந்திருக்கலாமே.

மன்னிக்கவும், காணிக் கதை வேறு மடலுக்கு. பலகைக்கு வருகிறோம்.

என்ன எழுதுவது என்று குழம்பத் தேவையில்லை. தனியே போகாதே, மூன்று பேருக்குக் குறையாமல் போ. கதைத்துக்கொண்டு போ, பற்றை அடர்ந்த இடத்திலும் வளைவிலும் தகரத்தைத் தட்டு. பாலை மரத்தடிக்குப் போக முன் இருபது, முப்பது மீற்றரில் நின்று கூப்பிட்டு, மேலேயும் பார். மரப்பட்டையில் புது நகக்கீறல், பாலைவிதை நிறைந்த எச்சம், புதிதாகக் கிண்டிய புற்று, இதில் ஒன்றைக் கண்டாலும் அந்த மரத்தை விட்டுவிடு. பாறை இடுக்குக்குள்ளும் பெரிய மரப்பொந்துக்குள்ளும் தலையை நீட்டாதே, பகலில் அது படுக்கிற இடம். தூரத்தில் கண்டால் ஓடாதே, முகத்தை அதன் பக்கம் வைத்தபடி மெல்லப் பின்னே போ. மரத்தில் ஏறாதே. இந்த வரி பெரிய எழுத்தில் வர வேண்டும், ஏனென்றால் எங்கள் ஆட்களுக்கு முதலில் தோன்றுவது மரம்தான், கரடியோ எங்களை விட நன்றாக ஏறும். பாய்ந்து பிடித்துவிட்டால் குப்புறப் படு, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடு, முழங்கைகளை முகத்தின் இரு பக்கமும் இறுக்கு. முதுகில் விழும் காயம் ஆறும், முகத்தில் விழுவது ஆறாது. அது விட்டுப் போனதும் உடனே எழும்பாதே, போய்விட்டது என்று நிச்சயமாகும் வரை கிட.

பின்பக்கத்தில் முதலுதவி. முகத்தில் காயப்பட்டவரை மல்லாக்கக் கிடத்தக் கூடாது, இரத்தம் தொண்டைக்குள் இறங்கி மூச்சடைக்கும். இருக்கக்கூடியவரை முன்னே சாய்த்து இருத்துங்கள், மயங்கியவரைப் பக்கவாட்டில் கிடத்துங்கள். தொங்கும் தோலை வெட்டி எறியாமல் இருந்த இடத்திலேயே வைத்துச் சுத்தமான துணியால் அழுத்துங்கள், வைத்தியர் அதைத்தான் திரும்பத் தைப்பார். கண்ணில் காயம் என்றால் அழுத்தவே கூடாது, கழுவிய சிரட்டையைக் கவிழ்த்து மேலே கட்டினால் போதும். கோப்பித்தூள், மஞ்சள், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். ஏற்புவலி ஊசியும் நீர்வெறுப்பு நோய்க்கான ஊசியும் தேவையா என்று ஆஸ்பத்திரியில் கட்டாயம் கேளுங்கள்.

சுவரொட்டியின் மூலைகளில் இருக்கும் மற்ற 'நன்பர்கள்' பற்றியும் சுருக்கமாக. வரிவரியான பன்றிக்குட்டி அழகுதான், தாய்ப்பன்றி தாக்குவது ஆளின் தொடை உயரத்தில். யானைக்குட்டி நிற்கும் இடத்தில் அதன் தாயும் பெரியம்மாமாரும் நிற்பார்கள். குரங்கு பல்லைக் காட்டுவது சிரிப்பல்ல. தாயில்லாத மரநாய்க்குட்டியைத் தூக்கிப் பால் பருக்கும் பிள்ளைக்குச் சின்னக் கடி விழுந்தாலும் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நீர்வெறுப்பு நோய் நாய்க்கு மட்டும் உரியதல்ல, அறிகுறி தொடங்கினால் காப்பாற்ற அநேகமாக வழியில்லை. தேவாங்கைப் பற்றியும் குழப்பம் இருக்கிறது. கையைத் தூக்கிக்கொண்டு கிச்சுக்கிச்சு மூட்டக் கேட்பது போல் கைபேசிகளில் சுற்றும் காணொளியில் இருப்பது எங்கள் மெல்லிய தேவாங்கு அல்ல, தென்கிழக்காசியாவின் இன்னோர் இனம். அது கையைத் தூக்குவது பயத்தில். முழங்கையின் உட்புறச் சுரப்பியை நக்கி எச்சிலோடு கலந்து கடித்தால் அந்தக் கடி விஷம். எங்கள் தேவாங்கையும் பிடிக்க வேண்டாம், அது பாவம், அதைவிடச் சட்டமும் இருக்கிறது.

இதையெல்லாம் கரடிக்கு எதிராக எழுதவில்லை. இந்தத் தீவுக்கே உரிய கரடி வகை, எஞ்சியிருப்பது ஆயிரத்துக்கும் குறைவு என்பது மதிப்பீடு. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதைக் காக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். சட்டம் காட்டுக்குள் எவ்வளவு தூரம் நடக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். கரடி ஆளைப் பிடித்த ஊரில் பிறகு கட்டுத்துவக்குக் கட்டுவார்கள், சுருக்கு வைப்பார்கள். அந்தச் சுருக்கில் அடுத்த மாதம் விழுவது வேறொரு கரடி, அல்லது பால் கறக்கிற மாடு. ஆள் அடிபடாவிட்டால் சுருக்கு வைக்கக் காரணமில்லை. பலகை அவ்வளவு மலிவான காவல்.

ஆகவே மீண்டும் பணிவுடன் கேட்கிறோம். பாலை பழுக்க முன் பலகை வேண்டும். ஆவணியில் வந்தால் அது திறப்பு விழாவுக்குத்தான் உதவும். சித்திரை முடிய முன் நட்டால் போதும். தமிழ் எழுத்தை அச்சுக்கு முன் எங்களிடம் ஒருமுறை காட்டினால் பிழை பார்த்துத் தருகிறோம், கட்டணம் இல்லை. வெறும் இரும்புக் குழாயில் நட வேண்டாம், யானை உரஞ்சி விழுத்தும். மதகுச் சுவர் இருக்கும் இடத்தில் சுவரிலேயே எழுதலாம், இல்லாத இடத்தில் முதிரைக் கட்டை போட்டு மூன்றடி ஆழத்தில் இறுக்க வேண்டும்.

கிடங்கு வெட்ட ஆள் இல்லை என்றால் நாளைச் சொல்லி அனுப்புங்கள். அலவாங்கும் மண்வெட்டியும் எங்களிடம் இருக்கின்றன.

இப்படிக்கு,
பாலைக்காட்டோரக் கிராமத்தவர்கள்,
வன்னி.