ஒற்றை வசனத்தைக் கேட்ட மருமகனுக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயத்து ஐந்தாம் வசனத்தை அனுப்பி, இதை வைத்துக்கொண்டு எப்படி அமைதி பேசுகிறார்கள் என்று கேட்டிருந்தாய். இணைவைப்போரைக் கண்ட இடத்தில் கொல்லச் சொல்லும் வரி அங்கே இருப்பது உண்மை. ஆனால், உடன்படிக்கையைக் காத்தவர்களுக்கு நான்காம் வசனம் விலக்களிக்கிறது. அடைக்கலம் கேட்டு வருபவனைப் பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்கிறது ஆறாம் வசனம். பொறுமை சொல்லும் பல வசனங்களை இந்த ஐந்தாம் வசனம் செல்லாததாக்கிவிட்டது என்று வாதிட்ட பழைய உரைகாரர்களும் உண்டு. அது உடன்படிக்கையை முறித்த அந்தப் பகைவருக்கும் அந்தக் காலத்துக்கும் மட்டுமே உரியது என்று மறுத்தவர்களும் உண்டு. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

நம் பக்கமும் பார். திருச்செங்காட்டங்குடியில் சிறுத்தொண்டர் பெற்ற பிள்ளையை அரிந்து அடியவருக்குக் கறி சமைத்ததைச் சேக்கிழார் எதையும் மறைக்காமல் பாடுகிறார். அரியும் நேரத்தில், பெற்றோர் மகிழ்கிறார்கள் என்றெண்ணிப் பிள்ளை சிரித்ததைக்கூட அவர் விடவில்லை. அதைக் கேட்டு வளர்ந்த நம் வீட்டுப் பெண்கள், அந்தப் பிள்ளை சீராளன் உயிர்பெற்று, பள்ளியிலிருந்து வருவது போல ஓடி வரும் இடத்தில்தான் மூச்சு விடுகிறார்கள். யாரும் அதைச் செய்யத்தக்க விதியாகக் கொண்டதில்லை. அந்தக் கதையின் நடுவிலிருந்து நான்கு வரியை மட்டும் உருவி, சைவம் இதுதான் என்று ஒருவர் காட்டினால் நீ ஒப்புவாயா?

உட்பொருள் காண்பது நம் மண்ணுக்குப் பழகிய வழி. திருவாவடுதுறையில் இருந்தவராகச் சொல்லப்படும் திருமூலர், ‘முப்புர மாவது மும்மல காரியம்’ என்று, இறைவன் எரித்தது ஊர்களை அல்ல, உள்ளத்தின் அழுக்கை என்றார். காந்தியும் குருட்சேத்திரத்தை மனத்துக்குள் நடக்கும் போராகவே படித்தார். எனக்கு உவப்பான வழி இது. ஆனால் இது மட்டும் போதாது. காந்தியைக் கொன்ற கோட்சேயும் 1949-இல் கீதையை ஏந்தியே தூக்குமேடைக்குப் போனார். உருவகமாகப் படிப்பவர் படித்துவிட்டுப் போனபின்பும், வரி அடுத்தவர் கைக்கு அப்படியேதான் போய்ச் சேருகிறது.

கத்தோலிக்கர் வேறு வழி கண்டார்கள். 1971-இல் வெளியான புதிய திருப்புகழ்மாலையில் (குருக்களும் துறவியரும் நாள்தோறும் வேளைதோறும் சொல்லும் செபநூல்) பகைவரைச் சபிக்கும் மூன்று திருப்பாடல்களை (58, 83, 109) முழுவதுமாக நீக்கினார்கள்; பாபிலோனின் குழந்தைகளைப் பாறையில் மோதுவதைப் பாடும் 137-ஆம் பாடலின் இறுதி வரிகளையும் விட்டுவிட்டார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் விவிலியத்தில் அவை இன்றும் இருக்கின்றன. விளக்கம் சொல்ல ஆளில்லாத நேரத்தில் எவனோ ஒருவன் அவற்றைத் தனியே படிப்பான். ஆகவே கொடிய வரியையும் உரக்கப் படித்து, அது யாருக்கு, எப்போது, எந்த எல்லைக்குள் சொல்லப்பட்டது என்று விளக்குங்கள் என்றே நாகூர் ஆலிம்களிடமும் வேளாங்கண்ணிக் குருக்களிடமும் நம் ஊர்ப் புராணச் சொற்பொழிவாளர்களிடமும் கேட்பேன்.

அன்புடன்,
மாமா