தம்பி, நாவலூர் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய நாவலூர் வீட்டுப் படங்களை எல்லாம் பார்த்தேன். எட்டாவது மாடி, நல்ல காற்று, கீழே பிள்ளைகள் விளையாட இடம், கரண்ட் போனால் ஜெனரேட்டர். சிறுசேரி சிப்காட் ஐ.டி பூங்காவில் இருக்கிற ஆபீஸுக்கு உனக்கு வண்டியில் கொஞ்ச நேரம்தான். வாடகையும் உன் கைக்கு அடக்கம். வீட்டில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு. போனில் பேசினால் பாதியிலேயே அம்மா உடம்பு, ஊர் விசேஷம் என்று பேச்சு திரும்பிவிடும். ஊரில் இருந்து சென்னைக்குக் குடிவரும் எத்தனையோ வீடுகளில் இதே யோசனை ஓடுவதால், எல்லோரும் படிக்கிற இடத்திலேயே எழுதுகிறேன்.

உன் மனைவி செல்விக்கு வேலை எழும்பூர் அரசு மருத்துவமனையில். அதுவும் நர்ஸ் வேலை. ஒரு வாரம் காலை டூட்டி, ஒரு வாரம் மதியம், நடுவில் நைட். காலை ஏழு மணிக்கு வார்டில் இருக்க வேண்டும் என்றால் ஏழு மணிதான். முந்தின டூட்டிக்காரி இவளுக்காகக் காத்துக்கொண்டு நிற்பாள். நாவலூரில் இருந்து எழும்பூர் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். நீ வாரத்துக்கு மூன்று நாள்தான் ஆபீஸ் போகிறாய், மற்ற நாள் வீட்டில் இருந்தே வேலை என்று நீயே சொன்னாய். அரை மணி நேரம் தாமதமாகப் போனால் உன்னை யாரும் கேட்கப் போவதில்லை. அப்படியிருக்க வீடு யாருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்?

சம்பளம் யாருக்கு அதிகமோ அவர் ஆபீஸுக்குப் பக்கத்தில் வீடு என்பதுதான் பல வீடுகளில் பழக்கம். அந்தக் கணக்கை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். யாருடைய நேரம் கொஞ்சமும் வளையாதோ, யாருக்கு விடுப்பு கேட்பது கஷ்டமோ, யார் வீட்டுக்கு வந்தும் உட்கார முடியாமல் அடுப்படிக்குள் போகிறார்களோ, அவர்களை வைத்துத்தான் வீடு பார்க்க வேண்டும். உங்கள் வீட்டில் அது செல்விதான். நீ நல்லவன், சமையலில் கைகொடுப்பாய், எனக்குத் தெரியும். இருந்தாலும் பாப்பாவுக்குக் காய்ச்சல் என்றால் அவள் அம்மாவைத்தான் தேடுவாள்.

நாவலூர் இருக்கிற ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) இருந்து எழும்பூர் போக என்ன வழி இருக்கிறது என்று பார். பஸ்ஸில் ஏறினால் சோழிங்கநல்லூர், துரைப்பாக்கம், பெருங்குடி என்று ஒவ்வொரு சிக்னலாக ஊர்ந்து வர வேண்டும். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காகச் சாலையின் நடுவில் தடுப்பு போட்டு இரண்டு பக்கமும் குறுகிக் கிடக்கிறது. காலையில் திருவான்மியூர் வரை வந்து, மேம்பாலத்தில் ஓடுகிற பறக்கும் ரயிலைப் பிடிக்கலாம். அந்த ரயிலும் எழும்பூர் போகாது. சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி ஆட்டோ, இல்லாவிட்டால் பூங்கா நகரில் இறங்கி, பூங்கா ஸ்டேஷனுக்கு நடந்து போய் மறுபடி ஒரு ரயில். மதிய டூட்டி முடிந்து இரவு எட்டு மணிக்கு மேல் கிளம்பினால் இதையெல்லாம் தலைகீழாகச் செய்ய வேண்டும். முதல் மாதம் செய்வாள். மழைக்காலம் வந்ததும் முகம் வாடிவிடும்.

புரோக்கர் உன்னிடம் மெட்ரோ வரப்போகிறது என்று சொல்லியிருப்பார். உண்மைதான். இரண்டாம் கட்டம் மொத்தம் 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடங்கள். அதில் ஒன்று மாதவரத்தில் இருந்து ஓ.எம்.ஆர் வழியாக உன் சிப்காட் வரைக்கும் வருகிறது. இன்னொன்று ஆலந்தூர், மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூரில் வந்து முடிகிறது. வந்தால் இந்தப் பக்கத்து மக்களுக்கு எவ்வளவோ நல்லது, நானும் ஆசையோடு காத்திருக்கிறேன். ஆனால் வாடகைக்குப் போகிறவன் ஓடுகிற ரயிலை வைத்துத்தான் வீடு பார்க்க வேண்டும். வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில் வந்தது 2007-ல். அங்கிருந்து பரங்கிமலை வெறும் 5 கிலோமீட்டர். ரயிலை அதுவரை நீட்டுகிற அந்த 5 கிலோமீட்டர் வேலை பதினைந்து வருஷத்துக்கும் மேல் இழுத்தது. அதை நம்பி வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கம் குடிவந்தவர்களின் பிள்ளைகள் அதற்குள் பள்ளிக்கூடத்தையே முடித்துவிட்டார்கள்.

நான் சொல்வது கிழக்குத் தாம்பரம். சேலையூர், கேம்ப் ரோடு, கொஞ்சம் தள்ளிப் போனால் ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம். இதில் தாம்பரம் ஸ்டேஷனுக்கு எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கிப் பார்.

கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் 1931-ல் இருந்து ஓடுகிறது. சென்னையின் தெற்குப் பக்கத்தில் இவ்வளவு நம்பகமான வண்டி வேறில்லை என்பேன். விடியற்காலையில் இருந்து நள்ளிரவை ஒட்டி வரைக்கும் வண்டி உண்டு. தாம்பரத்தில் இருந்து கடற்கரை வரைக்குமே டிக்கெட் 10 ரூபாய்தான், சீசன் எடுத்தால் அதையும்விடக் குறைவாக வரும். ஏ.சி மின்சார ரயிலும் 2025-ல் இருந்து ஓடுகிறது. பல வண்டிகள் தாம்பரத்திலேயே புறப்படுவதால் செல்விக்கு உட்கார இடம் கிடைக்கும். இதைச் சின்ன விஷயமாக நினைக்காதே. பன்னிரண்டு மணி நேரம் காலில் நின்ற நைட் டூட்டிக்காரிக்குக் காலை ஏழரைக்கு எழும்பூரில் ஏறினால் அங்கேயும் இடம் இருக்கும், ஏனென்றால் அந்த நேரக் கூட்டம் எதிர்த்திசையில்தான் வரும். பெண்கள் பெட்டியில் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டு வரலாம், தாம்பரம் தாண்டிப் போகிற செங்கல்பட்டு வண்டியாக மட்டும் இல்லாமல் பார்த்துக்கொள்ளச் சொல்.

குறையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாளப் பராமரிப்பு என்று வண்டிகளை ரத்து செய்வது அடிக்கடி நடக்கும். நர்ஸுக்கு ஞாயிறு, பொங்கல் எல்லாம் டூட்டி நாள்தான். அந்த நாட்களில் பஸ்ஸில் விமான நிலையம் வரை வந்து மெட்ரோ ஏறி, ஆலந்தூரில் மாறினால் எழும்பூர் மெட்ரோ. செலவு கூடும், ஆனால் வழி இருக்கிறது. நாவலூரில் ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழியே கிடையாது.

உனக்கு? ஆபீஸ் போகிற மூன்று நாளும் தாம்பரத்தில் இருந்து மேடவாக்கம், பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகச் சிறுசேரி. அது நெரிசலான நாளில் வண்டலூர் - கேளம்பாக்கம் சாலை. தூரம் இருக்கத்தான் செய்யும். கம்பெனி பஸ் தாம்பரத்தில் இருந்து உண்டா என்று உன் ஆபீஸில் இன்றைக்கே கேள். பெரும்பாலும் இருக்கும். பைக்கில் அந்தத் தூரத்தைத் தினமும் ஓட்டாதே.

வேளச்சேரியை நீயும் யோசித்திருப்பாய். இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற இடம், எல்லாக் கடையும் உண்டு. அங்கே வாடகை அதிகம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். ராம் நகர், ஏ.ஜி.எஸ் காலனி பக்கமெல்லாம் பெருமழைக்குத் தண்ணீர் நிற்கும் இடங்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சுற்றி இருக்கிற எந்த ஊரையும் அந்தச் சதுப்பு நிலத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 2022-ல் அதை ராம்சார் இடமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவித்தார்கள். தென்சென்னையின் எத்தனையோ ஏரிகள் நிரம்பி வழிகிற தண்ணீர் அதில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் பக்கம் கடலில் விழ வேண்டும். தண்ணீர் போக இருக்கிற வாசல் அவ்வளவு குறுகல். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் அந்தப் பக்கத்துத் தெருக்களில் படகு விட்டார்கள்.

தாம்பரத்தில் தண்ணீர் நிற்காது என்று நான் சொல்லவில்லை. மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் அடையாற்றை ஒட்டிய இடங்கள், 2015-ல் பட்ட பாடு ஊருக்கே தெரியும். கிழக்கிலும் சேலையூர் ஏரி, செம்பாக்கம் ஏரி, ராஜகீழ்ப்பாக்கம் ஏரி இருக்கின்றன. ஏரிக்குக் கீழ்ப்பக்கத்துத் தெருவா, மேட்டுத் தெருவா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதைப் புரோக்கரிடம் கேட்காதே. தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடம் கேள், பால் போடுகிறவரிடம் கேள். "தண்ணி வருமா" என்று கேட்டால் "அதெல்லாம் வராது" என்பார்கள். "மிக்ஜாம் அப்போ வண்டியை எங்கே நிறுத்துனீங்க" என்று கேள், உண்மை தானாக வந்துவிடும். காம்பவுண்டு சுவரில் பழைய கறைக்கோடு இருக்கிறதா பார். ஈ.பி மீட்டர் போர்டை இடுப்புக்கு மேலே தூக்கி மாட்டியிருந்தால் ஏன் என்று கேள். தரைத்தள வீடு எவ்வளவு சல்லிசாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

குடிக்கிற தண்ணீர் அடுத்தது. நாவலூர்ப் பக்கத்து அடுக்குமாடிகளில் பல இடத்தில் லாரித் தண்ணீர்தான். அந்தச் செலவு மெயின்டனன்ஸுக்குள் அடங்குமா, கோடையில் தனியாகப் பங்கு போடுவார்களா என்று நீ கேட்டாயா? 2019 கோடையில் ஓ.எம்.ஆர் கம்பெனிகளே ஆட்களை வீட்டில் இருந்து வேலை பார்க்கச் சொன்னன. தாம்பரத்திலும் கேட்க வேண்டியதுதான்: போர்வெல் எத்தனை அடி, மே மாதம் மோட்டார் எவ்வளவு நேரம் ஓடும், குழாயில் வாரத்துக்கு எத்தனை நாள் தண்ணீர் வரும், சம்ப் தனியா பொதுவா. குழாயைத் திறந்து ஒரு வாய் கொப்பளித்துப் பார். நம் தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த நாக்குக்கு உப்பு உடனே தெரிந்துவிடும்.

அம்மா பாப்பாவைப் பார்த்துக்கொள்ள வருவதாகச் சொல்லியிருக்கிறாள். நெல்லை எக்ஸ்பிரஸ் தாம்பரத்தில் நிற்கும், எழும்பூர் வரை போய்த் திரும்ப வேண்டாம். பஸ்ஸில் வந்தாலும் 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கத்தில்தான் தென்மாவட்டத்து வண்டிகள் நிற்கின்றன, அங்கிருந்தும் தாம்பரம் பக்கம். அதைவிட முக்கியம், அம்மா தானாக இறங்கி நடந்து போய்க் கீரையும் பூவும் வாங்கி, கோவிலுக்குப் போய்வரக் கூடிய தெருவாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் உன் பைக்கை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கச் செய்தால் இரண்டு மாதத்தில் ஊருக்குக் கிளம்பிவிடுவாள். இரண்டாவது மாடிக்கு மேல் லிஃப்ட் இல்லாத வீடு அவள் முழங்காலுக்கு ஆகாது. பாப்பாவின் எல்.கே.ஜியும் அம்மா நடந்து கூட்டிவரும் தூரத்தில் இருக்கட்டும்.

பணப் பேச்சு கொஞ்சம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, வேறு மாதிரி ஒப்பந்தம் எழுதாத பட்சத்தில் மூன்று மாத வாடகைதான் அட்வான்ஸ். அந்த "எழுதாத பட்சத்தில்" என்பதை நினைவில் வைத்துக்கொள், கையெழுத்துப் போட்டுவிட்டால் பேச முடியாது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யவும் வேண்டும், பதினொரு மாதம்தானே என்று விட்டுவிடாதே. காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பது எழுத்தில் இருக்கட்டும். கரண்டுக்கு உங்கள் வீட்டுக்கென்று தனி ஈ.பி இணைப்பு இருக்கிற வீடாகப் பார். சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலை போடும் வீட்டில், இரண்டு மாதத்துக்கு இத்தனை யூனிட் இலவசம் என்கிற சலுகை உன் கைக்கு வராது.

தாம்பரத்தில் வாடகை நாவலூரை விடக் கொஞ்சம் கூடலாம், வீடும் பழசாக இருக்கலாம். நீச்சல் குளம் கிடையாது. அந்த வித்தியாசத்தை, செல்வி நாவலூரில் இருந்து மாதத்தில் எத்தனை நாள் ஆட்டோ, கேப் பிடிப்பாள் என்கிற கணக்கோடு வைத்துப் பார். ஒரு நைட் டூட்டி போக வர ஆகும் காசை மட்டும் எழுதிப் பார், போதும்.

இன்னொன்று. இதுவரைக்கும் வந்த படங்கள் எல்லாம் நீ அனுப்பியவை. செல்வி அந்த வீட்டை நேரில் பார்க்கவே இல்லை. அவள் வாய் திறந்து வேண்டாம் என்று சொல்ல மாட்டாள், "அவங்களுக்குப் பிடிச்சா சரி மதினி" என்றுதான் என்னிடமும் சொன்னாள். அதனால் நாவலூர்க்காரரிடம் ஒரு வாரம் அவகாசம் கேள். சனிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு வா. நான் காலையிலேயே தாம்பரம் ஸ்டேஷன் கிழக்குப் பக்கம் வந்துவிடுகிறேன், மூன்று பேரும் நடந்தே பார்ப்போம். சேலையூரில் இரண்டு வீடு விசாரித்து வைத்திருக்கிறேன். திங்கள்கிழமை காலை ஐந்தரை மணி வண்டியில் நான் அவளோடு எழும்பூர் வரை போய் வருகிறேன், அதே நாளில் நீ மேடவாக்கம் வழியாகச் சிறுசேரி போய்ப் பார். அதற்குப் பிறகு நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எந்த வீட்டைச் சொன்னாலும், பால் காய்ச்ச நான் வந்து நிற்பேன்.

அன்புடன்,
அக்கா