பலகையோடு பெயரையும் இறக்கிவிட்டீர்களா?

மதிப்பிற்குரிய பள்ளி நிர்வாகக் குழுவினருக்கும் தலைமையாசிரியர் அவர்களுக்கும் வணக்கம்.

ஆண்டு விழா மலர் கைக்கு வந்தது. நல்ல வழவழப்பான தாள். 'நம் விளையாட்டுச் சாதனையாளர்கள்' பக்கத்தைத் திறந்தால் பட்டியல் 2004-இல்தான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் முக்கூடல் பக்கத்துப் பிள்ளைகள் யாரும் ஓடவே இல்லை போலிருக்கிறது.

யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். பதினொன்றாம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. இருந்த 1970களில் ஓட்டம், உயரம் தாண்டுதல், பூப்பந்து, எறிபந்து என்று எதையும் விடாத அந்த அக்காவைத்தான். ஊறிய பீடி இலையை விடியுமுன்னே அம்மாவுக்கு வெட்டிக் கொடுத்துவிட்டு மைதானத்துக்கு வருவார். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு மூங்கில் கம்பைத் தாண்டுவார். விழுவது மெத்தையில் இல்லை, ஆற்று மணலில். பூப்பந்தில் ஐந்து பேர் அணி. பாதிக் களத்தை அவரே பார்த்துக்கொள்வார் (மற்ற நால்வரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்). மாநில அணிக்கு ஆடி வந்த பிறகுதான் ஹால் சுவரில், தேக்குப் பலகையில் பெயர் ஏறியது.

புது ஹால் கட்டும்போது பலகையைக் கழற்றினீர்கள். சரி, கட்டட வேலை. திருப்பி ஏன் மாட்டவில்லை? சைக்கிள் ஷெட்டில் சிமெண்ட் மூட்டைக்கு அடியில் கிடக்கிறது. அதை எடுத்து மாட்டுங்கள்.

வெறும் கௌரவப் பிரச்சினை என்றால் எழுதியிருக்க மாட்டேன். நலிந்த நிலையிலுள்ள முன்னாள் விளையாட்டு வீரர்களுக்கு அரசு ஓய்வூதியம் தருகிறது. விண்ணப்பிக்கச் சான்று வேண்டும். அக்காவின் சான்றிதழ்களை 1992 நவம்பரில் தாமிரபரணி வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அதனால் பள்ளியில் ஒரு கடிதம் கேட்டு வந்தார். காலையில் வந்தவரைச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை வராந்தாவில் உட்கார வைத்து, 'பழைய ரிக்கார்டு எதுவும் இல்லைம்மா' என்று அனுப்பினீர்கள். அறுபதைத் தாண்டியும் அவர் பீடி சுற்றித்தான் சாப்பிடுகிறார். 1,000 பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. வராந்தாவில் போன பொழுதுக்கு யார் கூலி கொடுப்பது? ஓய்வூதியம் கிடைக்குமா என்பது அப்புறம். விண்ணப்பம் போடவாவது ஒரு தாள் வேண்டாமா?

ரிக்கார்டு இல்லையாம்! கட்டட நன்கொடை கேட்கும்போது மட்டும் பழைய மாணவர்கள் அத்தனை பேரின் விலாசமும் போன் நம்பரும் எங்கிருந்தோ கிடைத்துவிடுகின்றன. மைதானத்தில் பாதி வண்டி நிறுத்துமிடம் ஆகிவிட்டது. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறார். விளையாட்டு விழாவுக்குச் சீரியல் நடிகர் வந்து புறா பறக்க விடுகிறார். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். அவர்களுக்கு வேறு யாரைக் காட்டினோம்?

எங்கோ போய்விட்டேன். கேட்பது இவ்வளவுதான்: பலகையை மாட்டுங்கள், கடிதத்தைக் கொடுங்கள். அக்கா படித்த ஆண்டு சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கும். பலகையைத் துடைத்தால் விளையாட்டு தெரியும். இரண்டையும் வைத்து எழுதித் தரலாம். கூட ஆடியவர்கள் சாட்சிக் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார்கள்.

கடிதம் தயாரானதும் தயவுசெய்து தகவல் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். அக்காவை இன்னொரு முறை அலைய வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
பழைய மாணவன்