பின்னால் தெரியும் மலை

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ கலிபோர்னியாவில் பாசடீனா சந்தையில் வாங்கி அனுப்பிய பழைய போட்டோக்கள் போன வாரமே வந்துவிட்டன. அம்மா நலம், சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நான்தான் சாப்பிட்ட கையோடு லென்ஸை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்துவிடுகிறேன்.

ஆறு படத்தில் ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வறண்ட ஏரி. மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. நடுவில் ரோட்ஸ்டர், அதாவது கூரையில்லாத பழைய கார், சுற்றி ஐந்து பையன்கள். மட்கார்டு இல்லை, ஹெட்லைட் இல்லை, முன் கண்ணாடியும் இல்லை. கதவில் கையால் எழுதிய எண். பின்னால் நீளமாக ஒரு மலை.

வண்டியின் முகம் 1932 ஃபோர்டு. ரேடியேட்டரை மறைத்து நெட்டுக்குத்தாகக் கம்பிகள் இருக்கின்றன பார். உடம்போ ஃபோர்டின் அதற்கு முந்தைய கார், மாடல் ஏ. அதில் பெட்ரோல் டேங்க் டேஷ்போர்டை ஒட்டி, முழங்காலுக்கு மேலே இருக்கும். பம்ப் கிடையாது, பெட்ரோல் தானாகவே கார்புரேட்டருக்கு இறங்கும். ஊற்றுகிற மூடி முன் கண்ணாடிக்கு முன்னால் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். இந்த வண்டியில் அந்த மூடி இல்லை. ஆனால் தகட்டின் மேல் ஓடுகிற வெயில் அந்த இடத்துக்கு வந்ததும் ஒரு வட்டமாகத் தடுமாறுகிறது. ஓட்டையைத் தகடு வைத்துப் பற்றவைத்து, அரம் போட்டுத் தேய்த்திருக்கிறான். நாற்பது வருஷம் பட்டறையில் நின்ற எனக்கே மூன்றாம் நாள்தான் அது கண்ணில் பட்டது. அவ்வளவு சுத்தமான வேலை.

பானட்டின் பக்கத் தகடுகளைக் கழற்றியிருப்பதால் எஞ்சின் தெரிகிறது. ஒரு பக்கத்துக்கு நாலு சிலிண்டர், புகை வெளியேற மூன்றே வாய். நடுவில் உள்ள இரண்டும் ஒரே வாயில் சேர்கின்றன. ஃபோர்டு 1932-இல் கொண்டுவந்த வி-8, அதாவது எட்டு சிலிண்டர் V வடிவில் நிற்கும் எஞ்சின் குடும்பம்தான், சந்தேகமே இல்லை. மாடல் ஏ-க்கு 40 குதிரைத்திறன், முதல் வி-8-க்கு 65. பையன்கள் ஏன் இதைத் தேடித் தேடி மாட்டினார்கள் என்று இப்போது புரிகிறதா? புகை எஞ்சின் பிளாக்குக்குள்ளேயே தண்ணீர்ப் பாதையை ஒட்டிப் போவதால் சீக்கிரம் சூடேறும். அதையும் சமாளித்துத்தான் ஓட்டினார்கள்.

முன் சக்கரத்தின் உள்பக்கம் நிழலில் ஒரு ரப்பர் ஹோஸ் வளைந்திருக்கிறது. ஆயில் பிரேக்! ஃபோர்டு அதற்கு மாறியதே 1939 மாடலில்தான். அந்த பிரேக் டிரம்மை எங்கிருந்தோ கொண்டுவந்து பூட்டியிருக்கிறார்கள். ஆக, படம் அதற்குப் பிந்தையது.

கண்ணு, நீ ப்ளஸ் டூ படிக்கும்போது என் டிவிஎஸ் 50-இன் மட்கார்டைக் கழற்றியதற்கு உன்னை அடித்தேன். கழற்றிய போல்ட்டுகளை வரிசை கலையாமல் ஹார்லிக்ஸ் மூடியில் அடுக்கி வைத்திருந்தாய். நான் அதைப் பார்த்தேன். நல்ல வேலைக்காரன் கை என்று மனசுக்குள் பட்டது. ஆனால் வாய் திறந்து சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

இந்த ஐந்து பேருக்கும் பத்தொன்பது, இருபது வயதுதான் இருக்கும். நாலு பேர் கேமராவைப் பார்க்கிறார்கள். இடது ஓரத்தில் இருப்பவன் மட்டும் குனிந்து பின் சக்கரத்தைப் பார்க்கிறான். அந்த ஓட்டையை அடைத்தவன் இவன்தான் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

இவர்கள் இங்கே நின்றது இரண்டாம் உலகப் போருக்கு முன்னா, பின்னா? அது தெரியாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. போருக்கு முன் பந்தயப் பையன்கள் கலிபோர்னியாவின் மூராக் என்ற வறண்ட ஏரியில் கூடினார்கள். பிறகு ராணுவம் அதை எடுத்துக்கொண்டது, இன்றைக்கு அது எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம். போருக்குப் பின் எல் மிராஜ் என்ற இன்னொரு வறண்ட ஏரிதான் முக்கிய இடம். மூராக் என்றால், அமெரிக்கா 1941 டிசம்பரில் போரில் இறங்கும் முன் இவர்கள் கையில் மிஞ்சிப்போனால் இரண்டு, மூன்று வருஷம். எல் மிராஜ் என்றால், அநேகமாகப் போய்த் திரும்பி வந்தவர்கள்.

உன் வீட்டிலிருந்து காலையில் கிளம்பினால் எல் மிராஜ் போய்விட்டு மதியத்துக்குத் திரும்பிவிடலாம். ஏரி நடுவில் நின்று நாலு திசை மலையையும் படம் எடுத்து அனுப்பு. நம் படத்தில் இடது பக்கம் இரட்டைத் திமில், அப்புறம் ஒரு பள்ளம், பிறகு நீளமாக ஒரு சரிவு. வீடு மாறும், வண்டி மாறும், மலை அங்கேயேதான் இருக்கும். வெயிலுக்கு முன் போ, தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா