அரையாண்டு நிறைவும் வரலாற்றுப் பாடவேளையும்: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக நிறைவடைந்தன. விளையாட்டுப் போட்டிகளிலும் கலைத்திருவிழாவிலும் நம் மாணவர்கள் பரிசுகள் பெற்றுள்ளனர். அறிவியல் கண்காட்சியும் சிறப்பாக நடந்தேறியது. பங்கேற்ற பிள்ளைகளுக்கும் துணைநின்ற ஆசிரியர்களுக்கும் பாராட்டுகள்.

ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் சமூக அறிவியல் கடைசிப் பாடவேளையாக அமையும் நாள்களில், தனிப்பயிற்சிக்கு நேரமாகிவிட்டது என்று பிள்ளைகளை முன்னதாகவே அழைத்துச் செல்லும் வழக்கம் இப்பருவத்தில் கூடியிருக்கிறது. அப்பாடவேளையையே கணிதத்துக்குக் கொடுத்துவிடலாமே என்று பெற்றோர் சிலர் நேரிலும் கேட்டனர். பொதுத்தேர்வு பற்றிய உங்கள் கவலை எங்களுக்கும் உண்டு. வேலைக்கு நடுவே வந்து பிள்ளையை அழைத்துச் செல்வதிலுள்ள சிரமத்தையும் அறிவோம். ஆயினும் அந்தப் பாடவேளையில் உங்கள் பிள்ளை எதை இழக்கிறார் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

பத்தாம் வகுப்பில் மக்களவைத் தொகுதி மறுவரையறை, அதாவது மக்கள்தொகைக்கு ஏற்ப மாநிலங்களின் மக்களவை இடங்களைத் திருத்தியமைப்பது குறித்து ஒரு விவாதம் நடத்தினோம். மக்கள்தொகைக்கு ஏற்ற இடங்கள்தான் ஜனநாயகம் என்றது ஓர் அணி. நம் இடங்களைக் குறைக்க இப்போது புதிதாகக் கிளம்பியிருக்கிறார்கள் என்றது மற்றோர் அணி. இரு அணியினரும் தொலைக்காட்சியில் கேட்டதை உரத்துச் சொன்னார்களே தவிர, இந்தக் கேள்வி அரை நூற்றாண்டுக்கும் மேல் பழையது என்பதை ஒருவரும் சொல்லவில்லை.

அரசமைப்பின் 82ஆம் பிரிவு, ஒவ்வொரு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகும் இடங்களைத் திருத்தியமைக்கச் சொல்கிறது. அவ்வாறு திருத்தியபோதுதான், 1962 தேர்தலில் 41ஆக இருந்த அன்றைய சென்னை மாநிலத்தின் மக்களவை இடங்கள் 1967இல் 39 ஆயின. குடும்பக் கட்டுப்பாட்டை முனைந்து நடத்தும் மாநிலங்கள் அதனாலேயே பிரதிநிதித்துவத்தை இழக்கலாகாது என்பதற்காக, நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல் வந்த 42ஆம் திருத்தம் 1971 கணக்கெடுப்பின்படியான இடங்களின் எண்ணிக்கையை 2000க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை மாற்றாமல் நிறுத்திவைத்தது. 2001ஆம் ஆண்டின் 84ஆம் திருத்தச் சட்டம் அதை 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. 1971இல் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 4.12 கோடிப் பேரும், இன்றைய பீகார் எல்லைக்குள் ஏறத்தாழ 4.21 கோடிப் பேரும் வாழ்ந்தனர். 2011இல் அது முறையே 7.21 கோடியாகவும் 10.41 கோடியாகவும் ஆனது. மக்களவை இடங்களோ 39, 40 என்றே நிற்கின்றன.

இதை அறிந்திருந்தால், முதல் அணி நாடாளுமன்றம் இருமுறை இதைத் தள்ளிவைத்ததற்கான காரணத்துக்கு விடை சொல்லியிருக்க வேண்டும்; இரண்டாம் அணி, தன் வாக்கின் மதிப்பு ஏன் குறைகிறது என்று கேட்கும் பீகார் வாக்காளருக்கு விடை சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வகுப்பில் ஆசிரியர் இவ்விவரங்களைக் கரும்பலகையில் எழுதியபோது, நெருக்கடி நிலையில் எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையிலிருந்த காலத்தில் முடிவான ஒன்றை, பின்னாளில் வேறொரு கட்சியின் ஆட்சி ஏன் நீட்டித்தது என்று ஒரு மாணவி கேட்டார். விவாதம் உண்மையில் தொடங்கியது அங்கேதான். அந்த வேளையில் வகுப்பில் பல இருக்கைகள் காலியாக இருந்தன. இப்பிள்ளைகள் இன்னும் சில ஆண்டுகளில் வாக்களிக்கப் போகிறவர்கள் என்பதால் இது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

எனவே, விடுமுறைக்குப் பின் பள்ளி திறக்கும் நாள் முதல், மருத்துவக் காரணமோ குடும்பத்தில் தவிர்க்க முடியாத நிகழ்வோ இருந்தாலன்றிப் பள்ளி நேரத்தில் வெளியே செல்ல அனுமதிச்சீட்டு வழங்கப்படாது. சமூக அறிவியல் பாடவேளை வேறெந்தப் பாடத்துக்கும் மாற்றித் தரப்படாது. இதன் பொருட்டு வாயிற்காவலரிடமோ வகுப்பாசிரியரிடமோ வாதிட வேண்டாம். முடிவு என்னுடையது, என்னிடமே பேசலாம்.

தனிப்பயிற்சி நேரத்தைச் சற்றுத் தள்ளிவைக்கக் கோரும் கடிதம் தேவைப்படுவோர் அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம். கணிதத்தில் கூடுதல் உதவி வேண்டும் மாணவர்களுக்குச் சனிக்கிழமை காலையில் சிறப்பு வகுப்பு நடத்த ஆசிரியர்கள் மனமுவந்து இசைந்துள்ளனர். தம் தாத்தா பாட்டியிடம் நெருக்கடி நிலைக் கால நினைவுகளைக் கேட்டு எழுதிவருமாறு மாணவர்களுக்கு விடுமுறைப் பணி தந்திருக்கிறோம்; வீட்டுப் பெரியவர்கள் அவர்களுடன் சற்று நேரம் அமர்ந்து பேசினால் நன்றியுடையவர்களாவோம். பருவம் முழுவதும் எங்களுக்குத் துணைநின்ற உங்கள் ஒவ்வொருவருக்கும் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்